'ஒருவகைப் பறவை'

ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு அம்மூவனார் பாடியது. அதன் பத்துகளுள் இரண்டு பறவைகளாலேயே பெயர் பெற்றவை: சிறுவெண்காக்கைப் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து. பின்னதன் பத்துப் பாடல்களிலும், குருகின் குஞ்சைக் காணச் சென்ற ஒரு நாரை திரும்பத் திரும்ப வருகிறது. குருகு எது, நாரை எது என்று மாணவர் கேட்டால், பாடநூல்களின் அருஞ்சொற்பொருள் பகுதி பெரும்பாலும் தரும் விடை 'ஒருவகைப் பறவை' என்பதே. தேர்வுக்கு இது போதும். கவிதைக்குப் போதாது. இரண்டும் ஒருவகைப் பறவைதான் என்றால் அப்பாடல்களில் என்னதான் நிகழ்கிறது?

பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதி இப்பெயர்களை உயிருள்ள பறவைகளோடு பொருத்திக் காட்ட முயன்றார். க. ரத்னம் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். நூல்கள் இருக்கின்றன; இல்லாதது நம் கண்களின் பழக்கம். அப்பழக்கத்தைக் குடும்பத்தோடு பெறத்தக்க இடம் ஒன்றை இங்கே பரிந்துரைக்க விரும்புகிறோம்.

வேதாரண்யத்திற்கு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பெருந்திரளாக மக்கள் வருகிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது கோடிக்கரை. கல்கியின் வாசகர்கள் பூங்குழலியைத் தேடி அங்கு செல்வதுண்டு. கடலில் நீராடிக் கரையில் கட்டுச்சோறு உண்டு திரும்புவதோடு பலருக்கும் பயணம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்நிலம் 1967 முதல் காப்பகம். 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பின், 2022 வரை தமிழகத்தில் அத்தகுதி பெற்ற ஒரே ஈரநிலமாக இருந்ததும் இதுவே. சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

வனத்துறையின் அனுமதி பெற்று உள்ளே சென்றால் புல்வெளியில் வெளிமான்களைக் காணலாம். முறுக்கிய கொம்பும் கருத்த உடலும் ஆணுக்கு. பெண்ணுக்குக் கொம்பில்லை, நிறமும் வெளிர்பழுப்பு. முல்லைப் பாடல்களில் 'இரலை' என வருவது இதுவே என்று கருதுவோர் உண்டு. ஐப்பசி முதல் மாசி வரை சேற்றுவெளிகளிலும் உப்பளங்களின் ஓரங்களிலும் வலசைப் பறவைகள் நிறைகின்றன. ஒரே சேற்றை அவை பங்கிட்டுக்கொள்ளும் முறையை ஒரு சிறுவனால் அரைமணி நேரத்தில் கண்டறிய முடியும். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வரும் கொசு உள்ளான், நீர்விளிம்பின் சேற்றை ஓயாமல் கொத்துகிறது. நெடுங்கால் உள்ளான் சற்று ஆழத்தில் நிற்கிறது. பூநாரை இன்னும் உள்ளே சென்று, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி வடிகட்டி உண்கிறது. நீர்மேல் வட்டமிட்டுத் திடீரெனப் பாய்வது ஆலா. கால் நெடியதால் நெடுங்கால் உள்ளான், கொசுவைப் போலச் சிறியதால் கொசு உள்ளான். பெயரிட்டவர்கள் உற்றுநோக்கியவர்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும்.

குழந்தைகளுக்குச் சலிப்பூட்டாதா என்று கேட்கப்படுகிறது. கூண்டருகே சென்று பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் அரைமணி நேரம் சலிப்பாகத்தான் இருக்கும். காட்டுயிர் நம் நேரத்திற்கு வருவதில்லை. ஆனால் காத்திருத்தலைக் கற்பிக்கும் இடங்கள் இன்று அருகிவிட்டன. பாட்டனும் பெயர்த்தியும் ஒரே தொலைநோக்கியை மாற்றி மாற்றிப் பிடித்து நிற்கும் இடங்கள் அதனினும் குறைவு. குரங்குக்குப் பிஸ்கட் வீசுவதும், காரில் பாட்டு அலறவிடுவதும், பறக்கும் கூட்டத்தைப் படமெடுக்கக் கல்லெறிந்து எழுப்புவதும் பார்த்தல் ஆகா. பல்லாயிரம் கல் பறந்து வந்த உயிருக்கு ஒவ்வொரு வீண் எழுச்சியும் உண்ட உணவின் இழப்பு.

இதை இன்று வலியுறுத்தக் காரணம் உண்டு. புல்வெளியைச் சீமைக்கருவேலம் ஆக்கிரமித்து வருகிறது. சோழர் காலத்தது எனச் சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் வீழ்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அக்கரையின் மரங்களைச் சாய்த்தது. கலங்கரை விளக்கம் வீழ்ந்ததை நாம் அறிந்தோம். அதற்கொரு பெயரும் கதையும் இருந்தன. ஆண்டுதோறும் வரும் ஓர் உள்ளான் ஒருநாள் வராது போனால், 'ஒருவகைப் பறவை' என்று மட்டும் அறிந்தவர்கள் அந்த இன்மையை எவ்வாறு உணர்வார்கள்?

அரையாண்டு விடுமுறை வலசைக் காலத்தின் நடுவே அமைவது நல்வாய்ப்பு. குடிநீரும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு விடியலில் செல்லுங்கள். கண்ட பறவையின் கால், அலகு, அது நின்ற இடம் ஆகிய மூன்றையும் குழந்தை தன் கையால் எழுதட்டும். பெயரை உடனே சொல்லிவிட வேண்டாம். அவ்வூர் மீனவரிடம் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு அதையும் எழுதச் செய்யுங்கள்; எந்த அகராதியிலும் ஏறாத சொல் ஒன்று அக்குறிப்பேட்டில் ஏறக்கூடும். வீடு திரும்பியபின் நெய்தல் நூற்றைத் திறந்து வையுங்கள். குருகும் நாரையும் அப்போது அக்குழந்தைக்கு இரண்டு பறவைகளாக இருக்கும்.