பதினாறு பெயர்கள்

பழைய கணினி விளையாட்டுகளைப் போற்றுவோர் ஒரு வாதத்தை ஓயாமல் முன்வைக்கின்றனர். இன்றைய விளையாட்டுகள் கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுவதோடு முடிகின்றனவாம். அக்காலத்து விளையாட்டுகளோ சிந்திக்கக் கற்றுக்கொடுத்தனவாம். அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று, அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘எம்1 டாங்க் பிளாட்டூன்’. இத்தகைய போர்ப் பாவனை விளையாட்டுகளைக் கற்றல் கற்பித்தலுக்கு முன்மாதிரி என்று கூறும் ஆசிரிய நண்பர்களும் உளர். இதனை நான் மறுக்கிறேன்.

அவ்விளையாட்டின் சிறப்பை மறைக்க வேண்டியதில்லை. நான்கு டாங்கிகள், ஒவ்வொன்றிலும் நால்வர். விளையாடுபவர் தளபதியாகவோ சுடுநராகவோ ஓட்டுநராகவோ அமரலாம். வரைபடத்தைப் பார்த்து நான்கையும் நடத்தலாம். எந்த மேட்டின் பின்னே பதுங்குவது, எந்த இலக்குக்கு எந்தக் குண்டு, எப்போது புகைத்திரை என்று எண்ணிப் பார்க்காமல் பாய்ந்தவர் தோற்றார். தடித்த கையேட்டைப் படிக்காமல் ஒன்றும் நடவாது. (நம் மாணவர்களை ஒரு பக்கம் படிக்க வைக்க நாம் படும் பாட்டை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.) அந்தப் பதினாறு வீரர்களுக்கும் பெயர் உண்டு. பிழைத்தவர் திறன் கூடும்; பதவியும் பதக்கமும் கிட்டும். தேர்ந்த சுடுநர் ஒருவர் மாண்டால் விளையாடுபவருக்கு மனம் வலிக்கும்.

என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. பெயர் அந்தப் பதினாறு பேருக்கு மட்டுமே! எதிரே வரும் சோவியத் டாங்கிகளில் ஆட்கள் இல்லையா? டி-72 டாங்கியில் மூவர் இருப்பர். விளையாட்டிலோ ஒரு வண்டி எரிகிறது. கணக்கில் ஒன்று கூடுகிறது. அவ்வளவே. போர்க்களமோ மத்திய ஐரோப்பா. சோவியத் படை அங்கே நுழையக்கூடும் என அஞ்சப்பட்ட மேற்கு ஜெர்மனியின் ஃபுல்டா வட்டாரம், ஊரும் வயலும் தேவாலயமும் நிறைந்த நிலம். விளையாட்டின் நிலத்திலோ குடிமக்கள் என்று ஒருவரும் இல்லை. கவசத்தையும் குண்டையும் கணக்கிட்டவர்களுக்கு மனிதரைக் கணக்கிடத் தோன்றவில்லை. கேலிச்சித்திரப் படத்தைப் பொய்யென்று ஏழு வயதுக் குழந்தையும் அறியும். ஆனால் எண்களும் கையேடும் வரைபடமும் சூழ வரும் பொய்யை யார் ஐயுறுவார்?

“இது வெறும் விளையாட்டுத்தானே” என்பது அடுத்த வாதம். அப்படியானால் 1980-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பேட்டில்சோன்’ என்னும் டாங்கி விளையாட்டை அமெரிக்கத் தரைப்படை ஏன் நாடியது? பச்சைக் கோடுகளால் ஆன அந்த எளிய விளையாட்டைப் ‘பிராட்லி’ கவச வாகனச் சுடுநர்களுக்குப் பயிற்சியளிக்க மாற்றித் தருமாறு கேட்டனர். அதனை உருவாக்கிய எட் ரோட்பெர்க் இதை விரும்பவில்லை; எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே செய்து கொடுத்தார். வெறும் விளையாட்டென்றால் அவர் ஏன் தயங்க வேண்டும்? 2002-இல் அந்தத் தரைப்படையே ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. ஆள் சேர்ப்பதே அதன் நோக்கம். 2022-இல்தான் அதனை மூடினர்.

மைக்ரோபுரோஸ் கற்பனை செய்த ஐரோப்பியப் போர் நிகழவே இல்லை. விளையாட்டு வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த டாங்கிகள் போருக்குச் சென்றது வேறிடத்தில். 1991 பிப்ரவரி 26-ஆம் நாள் ஈராக்கியப் பாலைவனத்தில், ‘73 ஈஸ்டிங்’ என்று குறிக்கப்படும் களத்தில், மணற்புயலினூடே வெப்பக் காட்சிக் கருவியால் எதிரியைக் கண்டு சுட்டனர். சுடுவது யாரென்று பார்க்க முடியாமலேயே ஈராக்கிய வீரர்கள் பலர் தம் டாங்கிகளுக்குள் மாண்டனர். அக்கருவியில் மனிதன் வெறும் ஒளிப்புள்ளி. விளையாட்டுத் திரையில் எரியும் டாங்கிக்குள் அந்தப் புள்ளிகூட இல்லை.

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை செய்தால் நம் பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்து விளையாடுவர். முன்மாதிரி என்று வகுப்பறைக்குள் கொண்டுவர விரும்பும் நண்பர்களிடம் ஒன்றே கேட்கிறேன். அந்த வரைபடத்தை மாணவர்முன் விரித்து, இந்த ஊர்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று முதலில் வினவுங்கள். அந்த வினாவுக்குத் தடித்த கையேட்டில் எந்தப் பக்கத்தில் விடை இருக்கிறது என்று அவர்களே தேடட்டும்.