நாலாம் நம்பர்

இரண்டு வருஷத்துக்கு முன் மே மாதம், பாரிசுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கும் எங்கள் மகன் வீட்டில் நானும் என் மனைவியும் ஆறு வாரம் தங்கியிருந்தோம். மே மாதம் என்று பெயர்தான், எனக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வந்து, "அப்பா, இன்னைக்கு டீம் மேட்ச் இருக்கு, வந்து பாக்கறீங்களா?" என்றான். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் இவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பத்து வயதிலிருந்து டென்னிஸ் ஆடியவன். குமாஸ்தா சம்பளத்தில் பிள்ளைக்கு டென்னிஸ் என்பது என்னவென்று அந்தக் காலத்து அரசாங்க ஊழியர்களுக்குத் தெரியும். மட்டைக்கு நரம்பு மாற்றணும் என்று அவன் வந்து நின்றால் எனக்கு எல்.ஐ.சி. பிரீமியத் தேதி ஞாபகத்துக்கு வரும். மாவட்டப் போட்டி, பல்கலைக்கழக அணி என்று பத்தொன்பது இருபது வயது வரை ஓடினான். பிறகு வேலை, கல்யாணம், பிரான்ஸ். இருபது வருஷத்துக்கு மேல் மட்டையைத் தொடவில்லை. 44 வயதில் தொப்பை விழுகிறது என்று மருமகள் விரட்டியதில் உள்ளூர்ச் சங்கத்தில் சேர்ந்தான்.

அங்கே சங்கத்தில் சேர்ந்து போட்டி ஆட வேண்டுமானால் பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத்தின் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் உண்டு. கிளாஸ்மான் என்பார்கள். வேறு நாட்டில் தரவரிசையில் இருந்தவராக இருந்தால் அதற்கு ஈடாக ஒரு தரம் கொடுக்கிற ஏற்பாடும் இருக்கிறது. "முன்பு எங்காவது தரம் இருந்ததா, அத்தாட்சி உண்டா?" என்று சங்கத்துச் செயலாளர் கேட்டிருக்கிறார். இவன் தேசியத் தரவரிசைப் போட்டி எதிலும் ஆடவில்லை. மாவட்டக் கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன, காகிதம் கிடையாது. காகிதம் இல்லை, ஆகவே ஆட்டமும் இல்லை. நோன் கிளாஸே, அதாவது தரமற்றவன் என்று பதிந்துவிட்டார்கள். நாற்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். செயலாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தர முறையை அவன் எனக்கு விளக்கியபோது பழைய குமாஸ்தா மூளைக்கு ஒரே குஷி. தரமுள்ளவர்களில் கடைசிப் படி 40. அதற்கு மேல் 30/5, 30/4 என்று 30/1 வரை, பிறகு 30. அடுத்து 15/5 தொடங்கி 15/1 வரை, பிறகு 15. அதற்கும் மேலே 5/6, 4/6 என்று இறங்கிப் பூஜ்யம், பூஜ்யத்துக்கு மேலே மைனஸ். இது என்ன பின்னக் கணக்கு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் பலசாலியோடு மெலிந்தவர் ஆடினால் முன்கூட்டியே பாயின்ட் கொடுத்துத் தொடங்குவார்களாம். 30 என்றால் ஒவ்வொரு கேமையும் முப்பதிலிருந்து தொடங்கலாம். 2/6 என்றால் ஆறு கேமுக்கு இரண்டில் மட்டும் 15 இனாம். மைனஸ் 15 என்றால் அவர் கடன்காரர், பூஜ்யத்துக்கும் கீழே தொடங்கி முதலில் கடனை அடைத்தாக வேண்டும். இன்றைக்கு யாரும் யாருக்கும் இனாம் கொடுப்பதில்லை. நம் ஊர்த் தெருப் பலகையில் 'ரூ' ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி பெயர் மட்டும் மிச்சம்.

தரம் எப்படி ஏறும் என்பது இன்னும் சுவாரசியம். நம் படியில் உள்ளவரை ஜெயித்தால் 60 புள்ளி, ஒரு படி மேலே என்றால் 90, இரண்டு படியும் அதற்கு மேலும் என்றால் 120. ஒரு படி கீழே உள்ளவரை ஜெயித்தால் 30தான். நாலு படி கீழே போனால் ஒன்றும் கிடையாது. தோல்விக்கும் கணக்குண்டு. சமமானவரிடம் தோற்றால் ஒன்று, ஒரு படி கீழே உள்ளவரிடம் தோற்றால் இரண்டு, அதற்கும் கீழே உள்ளவரிடம் தோற்றால் ஐந்து என்று வெற்றிகளிலிருந்து கழிப்பார்கள். 6-0, 6-0 என்று ஜெயித்தாலும் சரி, மூன்றாவது செட்டில் மூச்சு முட்டி ஜெயித்தாலும் சரி, வெற்றி வெற்றிதான். யார் எந்தத் தரம், யாரை ஜெயித்தார், யாரிடம் தோற்றார் என்பதெல்லாம் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரணம் இருக்கிறது. என் அண்ணன் மகன் அமெரிக்காவில் லீக் டென்னிஸ் ஆடுகிறான். அங்கே 2.5, 3.0, 3.5 என்று அரை அரையாகப் படிகள். புதிதாக வருபவர் சில கேள்விகளுக்குப் பதில் எழுதித் தன் தரத்தைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு மேட்சுக்கும் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்குப் போடும், ஆனால் அந்த எண்ணை ஆட்டக்காரருக்குக் காட்டாது. எந்தப் படி என்று வருஷக் கடைசியில்தான் தெரியும். எத்தனை கேம் வித்தியாசம் என்பதும் அதில் சேருவதால், தரம் ஏறிவிடக் கூடாதே என்று ஜெயிக்கிற ஆட்டத்தில் வேண்டுமென்றே நாலு கேமை விட்டுக்கொடுக்கிற மகானுபாவர்கள் உண்டாம். மூன்று தரம் அளவுக்கு மீறி ஆடிப் பிடிபட்டால் அந்தப் படியிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் ரகசியக் குறிப்பு ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதுவார். மோசமாக எழுதினால்தான் நமக்குச் சொல்வார்கள். 'நன்று' என்று எழுதினால் சொல்ல மாட்டார்கள், ஆனால் பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். 'நன்று' என்கிற நல்ல வார்த்தையே ஆளைக் கவிழ்த்துவிடும், கவிழ்ந்தவருக்குக் காரணமும் தெரியாது. எல்லைச் சாலைத் துறைப் பொறியாளர் ஒருவர் இதை எதிர்த்துப் போனார். தேவ் தத் வழக்கு என்பார்கள். எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியது. ஆகவே மறைத்து வைத்த மதிப்பெண்ணில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் முறை மொண்ணையாக இருக்கலாம், ஆனால் பட்டவர்த்தனம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அணிக்கு நாலு ஒற்றையர் ஆட்டம், ஒரு இரட்டையர். ஒற்றையரில் தரப்படி வரிசையாகத்தான் இறங்க வேண்டும், முதல் நம்பரோடு முதல் நம்பர், நாலோடு நாலு. தரமற்றவன் என்பதால் என் மகன் நாலாம் நம்பர். எதிரணியின் நாலாம் நம்பர், ஓய்வு பெற்ற தபால்காரர். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது, ஒரு முழங்காலில் பட்டை. ஆட்டத் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 30/2. தாளைப் பார்த்தால் அவர்தான் பலசாலி.

நாற்பது நிமிஷம் ஆகவில்லை. 6-0, 6-1. அந்த ஒரு கேம்கூட இவன் இரண்டு டபுள் ஃபால்ட் போட்டதால் கிடைத்தது. பெரியவர் பந்தை எடுக்க ஒவ்வொரு முறையும் குனிவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. முதல் மூன்று நம்பர்களில் நம் பக்கம் ஒன்றுதான் ஜெயித்தது. இவனுடைய வெற்றியும் இரட்டையரும் சேர்ந்து 3-2 என்று அணி ஜெயித்தது. கேப்டன் இவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கு விருந்து வைப்பது அங்கே வழக்கம். ரொட்டி, பன்றி இறைச்சித் துண்டுகள், சீஸ், வைன். தபால்காரர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பிரெஞ்சில் பேசியதும், "எங்கள் ஆரம்பப் பள்ளி வாத்தியார் மாதிரிப் பேசுகிறீர்களே" என்று சிரித்தார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் காலத்துப் பிரெஞ்சு, என்ன செய்வது. பென்ஷன், முழங்கால், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு அரசாங்க ஊழியர்கள் பேசுவதெல்லாம் பேசினோம். எழுந்திருக்கும்போது சொன்னார்: "உங்கள் மகன் அழகாக ஆடுகிறார், மெசியே. அவர் தரமற்றவர் என்றால் நான் போப்பாண்டவர். வருஷத்தில் எனக்கு ஐந்து மேட்ச்தான், அதற்கு மேல் முழங்கால் விடாது. இன்றைக்கு அதில் ஒன்று போனது."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது காரில் வரும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். "அப்பா, நான் என்ன தப்புப் பண்ணேன்? அவங்கதான் நோன் கிளாஸேன்னு எழுதினாங்க. ரூல்ல எங்கயாவது தப்பு இருக்கா சொல்லுங்க" என்றான். ரூலில் தப்பில்லை. "நீ எப்படி ஆடுவேன்னு உனக்குத் தெரியும், பயிற்சியில உன் சர்வீஸைப் பாத்த கேப்டனுக்கும் தெரியும். தெரியாதவர் அந்தப் பெரியவர் ஒருத்தர்தான்" என்றேன். அவன் அம்மா, பிள்ளை இத்தனை வருஷம் கழித்து ஜெயித்துவிட்டு வந்திருக்கிறான், சாப்பிடும்போது என்ன பேச்சு என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். அன்று ராத்திரி இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு யோசித்தேன். என் மகனைத் திட்டிப் பயனில்லை. கோளாறு ஒரே இடத்தில் இருக்கிறது: ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் கடைசியில் போடு என்கிற பழக்கம்.

எங்கள் நிர்வாகப் பிரிவில் இதே உத்தரவை நான் எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன். சொந்த விருப்பத்தில் மாற்றல் கேட்டு வருபவரைப் புது இடத்தின் சீனியாரிட்டியில் கடைசி ஆளாக வைக்க வேண்டும். ஆபீசில் அது நியாயம், ஏனென்றால் கடைசியில் நிற்பதில் நஷ்டம் அவருக்கு, ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பாதகமில்லை. டென்னிஸில் கடைசி இடம்தான் சௌகரியமான இடம். அங்கே போட்டால் லாபம் வந்தவருக்கு, நஷ்டம் அங்கே காலம் காலமாக நிற்கும் முழங்கால் வலிக்காரருக்கு. விதி ஒன்றுதான், பலன் தலைகீழ்.

ஆகவே என் யோசனை இது. காகிதமில்லாமல் வரும் ஆளை முதல் இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு அணியின் முதல் நம்பராக இறக்க வேண்டும். நன்றாக ஆடுபவர் என்றால் நன்றாக ஆடுபவரைச் சந்திப்பார், யாருக்கும் குறையில்லை. சுமாரானவர் என்றால் தோற்பார், புள்ளி இழப்பது அவருடைய அணி. எந்தக் கேப்டனும் அப்போது ஆளை ஒளித்து வைத்து விளையாட மாட்டார். 'நிஜமாகவே புதியவர், முப்பது வயதில் முதல்முறை மட்டை பிடித்தவர், அவரை முதல் நம்பரிடம் மாட்டிவிடுவதா?' என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர் என்று கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், நாலாம் நம்பரில் ஆடட்டும். பொய்யானால் அணியின் புள்ளியை வெட்டட்டும். கையெழுத்துக்கு இருக்கிற பயம் எனக்குத் தெரியும். சும்மா வாயால் நூறு சொல்கிறவர்கூடப் பேனாவைத் திறந்தால் யோசிப்பார்.

இன்னொன்று. அந்த முதல் சில ஆட்டங்களின் தோல்வியை எதிராளியின் கணக்கில் கழிக்கக் கூடாது. எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் 20-க்கு 12-க்கு மேல் போட்டே நான் பார்த்ததில்லை, அத்தனை கறார். ஆனால் வருஷ நடுவில் காரைக்காலிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தபோது முதல் மூன்று டிக்டேயைத் திருத்தித் தந்தாரே தவிர, அந்த மார்க்கை ஏட்டில் ஏற்றவில்லை. வகுப்பில் யாருடைய ராங்க்கும் அதனால் மாறவில்லை. நாலாவதிலிருந்து அவனும் எங்களோடு. அந்தப் பையன் என்னைவிட நன்றாக எழுதினான் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொன்னதற்கு மகன், "நீங்களே சம்மேளனத்துக்கு எழுதுங்க, உங்க பிரெஞ்சுக்கு மதிப்புக் கொடுப்பாங்க" என்று கிண்டல் செய்தான். ஆனால் அடுத்த ஞாயிறு கேப்டன் கூப்பிட்டபோது, தரம் வரும் வரைக்கும் இரட்டையர் மட்டும் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டான். கேப்டனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை என்று மருமகள் சொன்னாள். கோடையில் தனிநபர் போட்டிகளில் ஆடித் தரத்தை ஏற்றிக்கொண்டான்.

போன மாதம் போன் செய்தான். 15/5 வந்துவிட்டதாம். இப்போது இரண்டாம் நம்பரில் இறங்குகிறான், கடைசி மூன்றில் இரண்டு தோல்வி. ஒன்றில் இருபத்திரண்டு வயதுப் பையன் இவனை ஓட ஓட விரட்டியிருக்கிறான். இடுப்புக்குத் தைலம் இருந்தால் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள் என்றான். அந்தத் தபால்காரர் இந்த வருஷம் ஆடுகிறாரா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை.