ஆலைக்குப் போனால் முதலீடு, ஆளுக்குப் போனால் இலவசமா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி அது. 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். ஒன்றிய அரசு தன் வாடகைக் குடியிருப்புத் திட்டத்தில் கொடுத்தது 37 கோடியே 44 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு படுக்கைக்கு 20,000 ரூபாய்.

இந்த இருபதாயிரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு அரசு போட்டுக் கொடுத்த கூரை என்று பார்த்தால் அது இலவசம். உலகின் மிகப் பெரிய மின்னணு உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு ஆள் கிடைக்க அரசு செய்த உதவி என்று பார்த்தால் முதலீட்டு ஊக்கம். பட்ஜெட் வந்ததும் "வரி கட்டுவது நாங்கள், உட்கார்ந்து தின்பது அவர்கள்" என்று தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் கொதிப்பவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பெனிக்குக் கொடுக்கும் காசு முளைத்துப் பலன் தரும், மக்களுக்குக் கொடுக்கும் காசு கரைந்து போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2022 ஜூலையில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்துவைத்தபோது பிரதமர் மோடி இலவசங்களை வாரி வழங்குவதை 'ரேவடி' (மிட்டாய்) கலாச்சாரம் என்று சாடியதிலிருந்து அந்த நம்பிக்கைக்கு அரசு முத்திரையும் விழுந்துவிட்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. ரூபாயில் 20 காசு வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போகிறது. உணவு, உரம் உள்ளிட்ட முக்கிய மானியங்கள் எல்லாம் சேர்ந்தே 6 காசுதான். வரவுப் பக்கம், தனிநபர் வருமான வரி 22 காசு. ஜிஎஸ்டியும் பிற வரிகளும் 18. கம்பெனிகள் கட்டும் வரி 17. சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள், ரேஷன் கார்டு வைத்திருப்பவர் உட்பட. கம்பெனி வரி இவ்வளவு பின்தங்கியதில் 2019 செப்டம்பருக்குப் பங்குண்டு. அந்த மாதம் கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆனது. புதிய உற்பத்தி ஆலைகளுக்கு 15. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று சொன்னவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனேதான். அதை யாரும் ரேவடி என்று சொல்லவில்லை. பங்குச் சந்தை துள்ளிக் குதித்தது.

அடுத்து வந்தது உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம். 14 துறைகளுக்கு 1.97 லட்சம் கோடி ஒதுக்கீடு. கைபேசி செய்பவர்களுக்குக் கூடுதலாக விற்ற தொகையில் 4 முதல் 6 விழுக்காடு வரை ரொக்கமாகவே கிடைத்தது. பலன் இல்லாமல் இல்லை. 2024-25இல் இந்தியாவின் ஸ்மார்ட்போன் ஏற்றுமதி 2 லட்சம் கோடியைத் தாண்டியது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இந்தப் பெருக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு முக்கியமான இடம் உண்டு. ஆலைக்கு அரசு உதவுவதே தவறு என்று சொல்ல இங்கே இடமில்லை. ஊக்கத்தொகை மட்டுமே போனைச் செய்துவிடும் என்ற நினைப்புதான் தவறு.

2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டுப்போய் 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்ற தகவல் சரியாக வராததால் மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. மீண்டும் திறந்தது ஜனவரி 12ஆம் தேதி. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. வரிச் சலுகை இருந்தது, இயந்திரம் இருந்தது, உலகச் சந்தையும் இருந்தது. சோறு சரியில்லை, மூன்று வாரத்துக்கு மேல் உற்பத்தி நின்றது. வல்லம் வடகால் விடுதி இரக்கத்தில் எழுந்தது என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை அடுக்கிப் பார்க்கலாம்.

அந்தப் பெண்கள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்து வருகிறார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பள்ளிக்குப் போக பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள் என்று வளர்ந்த தலைமுறை. இந்தியாவில் ஆலை வேலையில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருப்பது தற்செயல் அல்ல. முதலீட்டாளர் மாநாடுகளில் "பயிற்சி பெற்ற மனிதவளம்" என்று பெருமையாகத் திரையிட்டுக் காட்டுவது இந்தச் செலவின் விளைச்சலைத்தான்.

சம்பளக் கணக்கிலும் இந்தச் செலவு ஒளிந்திருக்கிறது. ஊரில் ரேஷன் அரிசிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அம்மா டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதில்லை. தம்பிக்குப் பள்ளியிலேயே சாப்பாடு. இத்தனையும் இருப்பதால்தான் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணின் சம்பளம் வீட்டுக்கு ஓரளவு காண்கிறது. இவற்றை நிறுத்திப் பாருங்கள், அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்காது. 'இலவசத்தில்' பாதி ஆலை வாசலுக்குள்தான் போய்ச் சேருகிறது.

தேர்தலுக்கு முன் தலைவர் படம் ஒட்டிய மிக்சியும் கிரைண்டரும் தருவதை ஆதரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் மிக்சியின் விலை ஊருக்கே தெரியும். எந்த ஆலைக்கு எவ்வளவு சலுகை, எத்தனை ஆண்டுக்கு என்பதை டீக்கடையில் யாரால் சொல்ல முடியும்?

கம்பெனிக்குக் கொடுப்பது கரையாது என்பவர்களுக்கு நோக்கியா ஒன்றே போதும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம். முதல் ஐந்தாண்டு ஏற்றுமதி லாபத்துக்கு வருமான வரி முழுவதும் விலக்கு, அடுத்த ஐந்தாண்டு பாதி. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பிறகு வருமான வரித்துறையோடும் மாநில அரசோடும் வழக்கு. கூடவே சாதாரண போனுக்குச் சந்தை சுருங்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை வழக்கில் சிக்கி வெளியே நின்றது. நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. பத்தாண்டுச் சலுகைக் காலம்கூட முழுதாக முடியவில்லை. இருபது வயதில் உள்ளே போனவர்கள் முப்பதை நெருங்கும்போது ஒரு இழப்பீட்டுத் தொகையோடு வீட்டுக்கு வந்தார்கள். அப்போதும் அவர்கள் வீட்டில் ரேஷன் கார்டு இருந்தது.

ஆலைக்கு உதவினால் மட்டும் போதாது, ஆளையும் கவனிக்க வேண்டும் என்பது டெல்லிக்கும் தெரியாமல் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் தொழிலாளர்களுக்கு விடுதி பாணி வாடகைக் குடியிருப்புகள் என்று அறிவித்தார்கள். வேலைவாய்ப்பு ஊக்கத்தொகையும் அதே பட்ஜெட்டில்தான் வந்தது. 2025 ஜூலையில் 99,446 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் விதிகளைப் படித்தால் யாரை நம்புகிறார்கள், யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்பது புரியும். மாதம் 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வோர் ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 2,000 ரூபாய். உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டு வரை. கூட்டினால் 96,000. முதன்முறை வேலைக்குச் சேரும் அந்த ஆளுக்கு அதிகபட்சம் 15,000, அதுவும் இரண்டு தவணையாக. இரண்டாவது தவணை வேண்டுமானால் ஓராண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். காசை எப்படிக் கையாள்வது என்ற நிதிப் பாடத்தையும் படித்து முடிக்க வேண்டும். சேமிக்கும் பழக்கம் வரட்டும் என்று தொகையில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட காலம் வைப்புக் கணக்கில் நிறுத்தியும் வைப்பார்கள். 96,000 வாங்குபவருக்கு இந்தப் பாடம் கிடையாது.