விலைப்பட்டியலில் வராத ரைசர்

மலேசியாவில் சர்வர் என்றாலே இப்போது பேச்சு ஜொகூர் தரவு மையங்கள் பக்கம் போய்விடுகிறது. செரண்டா மாதிரி ஊர்களில் அலுவலக மூலையில் இரைந்துகொண்டிருக்கும் ஒற்றைச் சர்வரை யாரும் கண்டுகொள்வதில்லை.

செரண்டா இருக்கும், ஈயமும் ரப்பரும் வாழவைத்த உலு சிலாங்கூர் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளை நம்பியிருக்கிறது. சுங்கை சோவில் பெரோடுவா கார் உருவாகிறது. செரண்டாவிலேயே ரோல்ஸ்ராய்ஸ் டிரெண்ட் 1000 விமான எஞ்சினுக்கு விசிறி உறை செய்யும் ஆலை அமைந்தது. இந்த வட்டாரத்தில் உதிரிபாகக் கடை, லாரி கம்பெனி, கிடங்கு நடத்துபவருக்குக் கணக்கு, சம்பளப் பட்டியல், கேமராப் பதிவு எல்லாமே ஒரே சர்வரில்தான். அது மெதுவானால் புதிதாக வாங்கச் சொல்வார்கள். பல நேரங்களில் அது தேவையற்ற செலவு. 1 கிகாபிட் நெட்வொர்க்தான் நெரிசல் என்றால் சுவிட்சும் அந்த வேகத்தைத் தாங்கும் பட்சத்தில் 10 கிகாபிட் கார்டு ஒன்றே போதும்.

கார்டை எங்கே செருகுவது? ரேக்கில் ஒரு 'யூ' என்பது 1.75 அங்குல உயரம். 2யூ சர்வர் மூன்றரை அங்குலத்தைத் தாண்டாது. முழு அளவுக் கார்டோ நான்கு அங்குலத்துக்கும் மேல். நிமிர்த்தி வைக்க வழியில்லை. அதனால் மதர்போர்டில் ரைசர் என்ற சிறு பலகையைச் செங்குத்தாகச் செருகி, அதன் பக்கவாட்டு ஸ்லாட்டில் கார்டைப் படுக்கவைக்கிறார்கள்.

சிக்கல் இனிமேல்தான். எச்பிஇ புரோலயண்ட் டிஎல்380 ஜென்10 என்ற பரவலான சர்வரை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ரைசர் முதல் பிராசசரோடு இணைந்தது. இரண்டாம் ரைசர் வேலை செய்ய இரண்டாம் பிராசசர் வேண்டும். செலவைக் குறைக்க ஒரே பிராசசரோடு வாங்கியவர் பிறகு ரைசரை மட்டும் வாங்கிப் பூட்டினால், அதிலுள்ள ஸ்லாட்டுகள் உயிர்பெறாது. பெட்டிக்குள் இடம் இருக்கும், பயன் இருக்காது.

இதை வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டும். எத்தனை பிராசசர், எந்த ரைசர், எத்தனை ஸ்லாட் காலி, நீளமான ஸ்லாட்டில் உண்மையில் எத்தனை லேன் (தரவுப் பாதை) ஓடுகிறது என்பதையெல்லாம் விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்வது வாங்குபவரின் உரிமை. பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் டெண்டரில் ராம், ஹார்ட் டிஸ்க் அளவோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. பிறகு தேடினால் அதே மாடலுக்கு உரிய ரைசர்தான் பொருந்தும். ஒரு கம்பெனியின் பலகை இன்னொன்றில் உட்காராது.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும்; பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கேபிள் தேவை. சில சர்வர்கள் தமக்குத் தெரியாத கார்டைக் கண்டதும் விசிறிகளை முழு வேகத்தில் சுழலவிடும். பக்கத்து மேசைக்காரர் பாவம்!

பழைய சர்வரைத் தூக்கி எறிவதற்கும் விதி உண்டு: கம்பெனிகளின் மின்னணுக் கழிவு மலேசியாவின் 2005ஆம் ஆண்டு பட்டியலிட்ட கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வருகிறது, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதற்காக எல்லாப் பழைய பெட்டியையும் கட்டிக் காக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட சர்வருக்கு ரைசர் தேடி அலைவது வீண் வேலை. அந்தப் பணத்தைப் புதிய சர்வரின் இரண்டாம் பிராசசருக்குப் போடலாம்.