சிரியைத் தேடி ஒரு தகப்பன்

பத்திரிகைச் சிறுகதைப் போட்டி என்றால் முதல் பரிசுக் கதையைத்தான் நாம் ஞாபகம் வைத்துக் கொள்கிறோம். மூன்றாம் பரிசுக் கதை என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் போலந்து தேசத்தில் ஒரு மூன்றாம் பரிசுக் கதை உலகத்தையே சுற்றி வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? ஆந்திரெய் சப்கோவ்ஸ்கி என்பவர் எழுதிய அந்தக் கதை 1986-ல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. கூலி வாங்கிக்கொண்டு பூதம் பிசாசுகளைக் கொல்லும் கெரால்ட் என்பவன்தான் அதன் நாயகன். ஒரு கதை பல கதைகளாகி, பிறகு நாவல்களாகவும் வளர்ந்தது. வார்ஸா நகரத்து 'சிடி ப்ராஜெக்ட் ரெட்' கம்பெனியார் அதைக் கொண்டு வீடியோ கேம்கள் செய்தார்கள். மூன்றாவதாக 2015 மே மாதம் வந்த 'தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்', 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

"வீடியோ கேமா? அது பிள்ளைகள் சமாசாரம் அல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அசல் குடும்பக் கதை இது. காணாமற்போன வளர்ப்பு மகளைத் தேடி ஒரு தகப்பன் அலைகிறான். மகளின் பெயர் சிரி. பெயர்தான் சிரி, பாவம், சிரிக்கும்படியாக அவள் வாழ்க்கை அமையவில்லை! பேய்ப்படை ஒன்று அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஆடுகிறவர் கெரால்டின் வேஷத்தை ஏற்றுக் குதிரையேறிப் புறப்பட வேண்டும். யாரிடம் என்ன பேசுவது, யாருக்கு உதவுவது என்பதெல்லாம் அவர் கையில்.

இந்த ஆட்டத்தின் பெருமை கத்திச் சண்டையில் இல்லை, பேச்சில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். போர் ஒன்றில், தன்னைப் பழக்கி வளர்த்த கிழவரைப் பறிகொடுத்துவிட்டு, சிரி மனம் குமைந்து உட்கார்ந்திருக்கிறாள். தகப்பன் என்ன செய்யலாம்? "எல்லாவற்றிலும் நீ கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை" என்று சமாதானம் சொல்லி அவளோடு மது அருந்தலாம். அல்லது வெளியே அழைத்துப் போய்ப் பனிக்கட்டியை உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடலாம். அற்ப விஷயமாகத் தோன்றுகிறதல்லவா? பிறகு பெரிய மந்திரக்காரிகள் அவளைப் பேச்சுக்கு அழைக்கிறார்கள். துணைக்குப் போவதா, அவளைத் தனியே அனுப்புவதா? இப்படி நாலைந்து சின்னச் சின்னச் சந்தர்ப்பங்கள். அவற்றில் பெரும்பாலும் மகளை நம்பி, அவள் மனத்துக்கு இடம் கொடுத்திருந்தால், முடிவில் அவள் உயிரோடு திரும்புகிறாள். கூடவே ஓடி ஓடிக் காபந்து பண்ணிய தகப்பனுக்கோ, மகள் திரும்புவதே இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் யோசிக்க வேண்டிய பாடம் இது. இதை ஒரு விளையாட்டு சொல்கிறது என்பதுதான் ஆச்சரியம்!

இன்னொரு கிளைக் கதை உண்டு. பிரபு ஒருவன் தன் மனைவியும் மகளும் காணாமற்போய் விட்டதாக அழுகிறான். விசாரிக்க விசாரிக்க, குடித்துவிட்டு அவன் கைநீட்டியதால்தான் இருவரும் வீட்டை விட்டு ஓடினார்கள் என்று தெரிய வருகிறது. அவன் செய்த கொடுமையை ஆட்டம் மூடி மறைப்பதில்லை. காட்டில் நாம் செய்யும் ஒரு தீர்மானம் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது; ஆனால் அந்த மனைவியை இழக்க நேரிடுகிறது. வேறு விதமாகச் செய்தால் அவள் பிழைக்கிறாள், புத்தி பேதலித்து, குழந்தைகள் போய்விடுகிறார்கள். சுபம் போட்டு முடிக்க வழியே வைக்கவில்லை.

சரி, குற்றமே கிடையாதா? தாராளமாக இருக்கிறது. அதே பிரபுவின் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். அடித்தவன் மணிக்கணக்கில் தன் சோகத்தைச் சொல்கிறான். மகளும் கொஞ்சம் பேசுகிறாள். அடிபட்ட மனைவி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத்தான் போதிய இடம் இல்லை. நம் அநுதாபமெல்லாம் அவன் பக்கம் சாய்ந்து விடுகிறது. எந்த ஊரானாலும் இந்த வழக்கம் மாறாது போலிருக்கிறது!

மகள் ஆபத்தில் இருக்கிறாள் என்று கதை பதறுகிறது. தகப்பனோ வழியில் சத்திரம் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து சீட்டாடலாம், யாரும் கேட்பாரில்லை. கடலில் படகோட்டிக் கள்ளக்கடத்தல்காரர்களின் பெட்டிகளைப் பொறுக்கும் வேலை வேறு. பத்துப் பெட்டிக்கு மேல் அலுத்துப் போகிறது. பேசவேண்டிய வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதிலும் சங்கடம் உண்டு. ஓரிடத்தில் ஒருவனைப் 'பலமாகத் தள்ளு' என்று தேர்ந்தெடுத்தால், நம் கெரால்ட் அவன் காலையே ஒடித்து விடுகிறான்! அவனுடைய குதிரை சில சமயம் கூரைமேல் ஏறி நிற்கும் வேடிக்கையை உலகமே சொல்லிச் சிரித்தாயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. ரத்தமும் படுக்கையறைக் காட்சிகளும் இதில் ஏராளம். ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல், "ஏதோ ராஜா ராணிக் கதை" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து விடாதீர்கள்.

வயது வந்த பிள்ளை ஆடினால், தடுக்க வேண்டியதில்லை. மூலக்கதையை முடிக்கவே சுமார் 50 மணி நேரம் பிடிக்கும். ஆகவே பரீட்சை முடிந்த பிறகு ஆடட்டும். ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பெண் மனமுடைந்து உட்கார்ந்திருந்தபோது நீ என்னப்பா செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்கு அவன் எப்படிப்பட்ட கணவனாக, எப்படிப்பட்ட தகப்பனாக இருப்பான் என்பது அந்தப் பதிலில் கொஞ்சம் தெரிந்துவிடும்.