காட்டுக்குக் காவல் யார்?

அது ஒரு வீடு. கதவு கிடையாது. ஜன்னல் கிடையாது. மொட்டை மாடியில் ஒரு சிங்கம் படுத்திருக்கும். கீழே தாழ்வாரத்தில் குட்டிகள் விளையாடும். மாடிப்படியில் தாய்ச் சிங்கம் காவல் இருக்கும்!

இது பாட்டி சொன்ன கதை அல்ல. ஆப்பிரிக்காக் கண்டத்தில், மொசாம்பிக் நாட்டில், கொரங்கோசா என்ற காட்டில் உண்மையாகவே இருந்த வீடு. உல்லாசப் பயணிகள் தங்குவதற்காக 1940இல் அதைக் கட்டினார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து சூழ்ந்துகொண்டது. மனிதர்கள் கைவிட்டுப் போனார்கள். சிங்கங்கள் குடிவந்தன! "சிங்கங்களின் வீடு" என்ற பெயரும் வந்தது.

பிறகு ஒரு காலம் வந்தது. அந்தக் காட்டில் சிங்கத்தின் கர்ஜனையே ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. யானைகள் அழிந்தன. எருமைகள் அழிந்தன. காடு மயானம் ஆயிற்று.

அந்த மயானம் மறுபடியும் காடான வரலாறு எல்லோரும் அறிய வேண்டியது. காட்டைக் காப்பது எது? துப்பாக்கியா, வேலியா, சட்டமா? இந்தக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கிறது.

செல்வம் கொழித்த காடு

வாஸ்கோடகாமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வருகிற வழியில் மொசாம்பிக் கரையில் தங்கினான். அதன் பிறகு போர்த்துக்கீசியர் அந்த நாட்டில் காலூன்றினார்கள். 1975ஆம் ஆண்டு வரை அது அவர்கள் ஆட்சியில் இருந்தது.

1920இல் கொரங்கோசா காட்டை வேட்டைக்காக ஒதுக்கினார்கள். 1960இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. பூங்கா என்றால் பூச்செடி வைத்த தோட்டம் அல்ல. 1,500 சதுர மைல் பரப்புள்ள காடும் புல்வெளியும் ஏரியும் சேர்ந்த இடம். அருகே கொரங்கோசா மலை. அந்த மலையில் பெய்யும் மழைதான் ஆறாக ஓடிவந்து காட்டுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

1970ஆம் ஆண்டையொட்டி அங்கே விலங்குகளைக் கணக்கெடுத்தார்கள். யானைகள் 2,000க்கு மேல். எருமைகள் சுமார் 14,000. வரிக்குதிரைகள் சுமார் 3,000. சிங்கங்கள் சுமார் 200. உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

போர் தின்ற காடு

1975இல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1977இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அண்ணனும் தம்பியும் எதிர் எதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்டார்கள். 1992 வரை, 15 ஆண்டுகள் அந்தப் போர் நடந்தது. போரினாலும் பஞ்சத்தினாலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

கொரங்கோசா காடு போர்க்களத்தின் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. சண்டை போட்டவர்களுக்குச் சோறு வேண்டும். எருமையைச் சுட்டுத் தின்றார்கள். துப்பாக்கிக் குண்டு வாங்கப் பணம் வேண்டும். யானையைக் கொன்று தந்தத்தை விற்றார்கள். 1983இல் பூங்கா மூடப்பட்டது.

போர் நின்றது. அழிவு நிற்கவில்லை! கையில் துப்பாக்கி இருந்தது. வயிற்றில் பசி இருந்தது. வீடு வாசல் இழந்து திரும்பி வந்த ஏழைகள், கிடைத்ததை வேட்டையாடினார்கள். இறைச்சி வியாபாரிகளும் புகுந்தார்கள்.

முடிவு என்ன? பெரிய விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன. இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த யானைகளில் மிஞ்சியவை சுமார் 250. பதினாலாயிரம் எருமைகள் இருந்த இடத்தில் நூறு எருமைகள்கூட இல்லை!

தந்தம் இல்லாத பெண் யானைகள்

போரின் வடு யானையின் உடம்பிலேயே பதிந்துவிட்டது.

ஆப்பிரிக்க யானைகளில் ஆணுக்கும் தந்தம் உண்டு, பெண்ணுக்கும் தந்தம் உண்டு. சில பெண் யானைகள் மட்டும் பிறவியிலேயே தந்தம் இல்லாமல் இருக்கும். கொரங்கோசாவில் போருக்கு முன்பு அப்படிப்பட்டவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. போருக்குப் பிறகு தப்பிய பெண் யானைகளில் பாதிக்குத் தந்தம் இல்லை!

காரணம் எளிது. தந்தம் இருந்த யானை சுடப்பட்டது. தந்தம் இல்லாதது தப்பியது. தாய்க்கு இல்லாதது பல மகள்களுக்கும் இல்லாமல் போயிற்று. போருக்குப் பின் பிறந்த பெண் யானைகளில் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் கிடையாது. 2021இல் விஞ்ஞானிகள் இதை விளக்கி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

மனிதனின் பேராசை, பிறக்காத யானைக்குட்டியையும் விடவில்லை.

மீண்டும் உயிர்

2004இல் கிரெக் கார் என்ற அமெரிக்கர் கொரங்கோசாவுக்கு வந்தார். தொலைபேசித் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர் அவர். காட்டைப் பார்த்தார். வெறிச்சோடிக் கிடந்தது. அதை மீட்பதற்குத் தம் பணத்தையும் காலத்தையும் கொடுக்க முன்வந்தார். 2008இல் மொசாம்பிக் அரசாங்கத்துடன் 20 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2018இல் அது மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

2006இல் 54 எருமைகளை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். முதலில் வேலியிட்ட இடத்தில் வைத்துப் பழக்கினார்கள். பிறகு திறந்துவிட்டார்கள். வேறு சில விலங்குகளும் வந்தன. மற்றவை, தொல்லை குறைந்ததும் தாமாகவே பெருகின.

2018இல் விமானத்தில் பறந்து கணக்கெடுத்தபோது, பெரிய விலங்குகள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன! யானைகள் 500க்கு மேல். சிங்கங்களும் நூறைத் தாண்டிவிட்டன.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. அந்த ஒரு லட்சத்தில் பாதிக்கு மேல் ஒரே இனம்! ஆற்றங்கரையில் மேயும் 'வாட்டர்பக்' என்ற பெரிய மான். முன்பு சில ஆயிரமே இருந்தது, இப்போது ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அடித்துத் தின்ன ஆள் இல்லை, ஆகவே பெருகியது.

புதரில் ஒளிந்து வாழ்கிற புதர்மான்கூடப் பயம் தெளிந்து வெட்டவெளிக்கு மேய வந்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் சிறுத்தையின் குரலைக் கருவி மூலம் ஒலிக்கச் செய்தார்கள். புதர்மான்கள் திரும்பவும் மரச்செறிவுக்குள் ஒதுங்கின! புலால் உண்ணும் மிருகம் இல்லாவிட்டால் காட்டின் ஒழுங்கே மாறிவிடும் என்பது இதனால் தெரிகிறது.

ஆகவே 2018இல் 14 ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அவை குட்டி போட்டுப் பெருகின. வேட்டை திரும்பியது, காட்டின் ஒழுங்கும் திரும்பத் தொடங்கியது.

புல் மேயும் விலங்குகளும் ஒரு வேலை செய்தன. அவை இல்லாத காலத்தில், தொட்டாற்சிணுங்கி இனத்து முட்புதர் ஒன்று ஏரிக்கரைப் புல்வெளியில் படர்ந்துவிட்டது. விலங்குகள் பெருகியதும் அதை மேய்ந்து கட்டுக்குள் வைத்தன. கூலி கேட்காத வேலைக்காரர்கள்!

பசித்தவனிடம் உபதேசமா?

பணம் வந்தது, விலங்கு வந்தது, காடு பிழைத்தது என்று இதோடு முடித்துவிடலாமா? முடியாது. உயிர்நாடி இனிமேல்தான் இருக்கிறது.

பூங்காவைச் சுற்றி வாழும் மக்கள் சுமார் இரண்டு லட்சம். பெரும்பாலும் மக்காச்சோளம் பயிரிடும் ஏழைகள். "மனிதன் பட்டினி கிடக்கிறான். மிருகத்துக்கு இவ்வளவு செலவா?" என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. பிள்ளை பசியால் அழும்போது எந்தத் தகப்பன் மானைப் பார்த்து ரசித்துக்கொண்டிருப்பான்? சுருக்கு வைக்கத்தான் போவான். அவனைப் பிடித்துச் சிறையில் போட்டால் சுருக்கு ஒன்று குறையும். பசி குறையுமா?

கொரங்கோசாவில் வேலை செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். வேட்டைக்குப் போன கைக்கு வேறு வேலை கொடுத்தார்கள். வனக் காவலர்களைப் பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தே எடுத்தார்கள். பெண்களும் சீருடை அணிந்து காவலுக்கு வந்தார்கள். பயணிகளால் கிடைக்கும் வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கு கிராமங்களுக்குச் சேர வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

மலையில் இன்னொரு ஆபத்து. ஏழை விவசாயிகள் மரத்தை வெட்டி, எரித்துப் பயிரிட்டார்கள். மலை மொட்டையானால் ஆறு வற்றும். ஆறு வற்றினால் காடு சாகும். "வெட்டாதே" என்று சொன்னால் போதுமா? "பிறகு எதைச் சாப்பிடுவது?" என்று அவன் கேட்பானே!

அதற்கு விடையாக வந்தது காப்பி. நம் ஏற்காட்டிலும் கொடைக்கானல் மலைச்சரிவுகளிலும் மர நிழலில் காப்பி வளர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே முறைதான். நிழல் வேண்டுமானால் மரம் வேண்டும். மரம் இருந்தால்தான் காப்பி. காப்பி இருந்தால்தான் காசு. ஆகவே விவசாயியே மரக்கன்று நட்டான்! இந்த முயற்சியில் முன்நின்றவர் பெட்ரோ முவாகுரா என்ற மொசாம்பிக் நாட்டு வனவியல் நிபுணர். பூங்காவின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர் அவர்.

யானை வயலில் புகுந்தால்? ஒரு இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு போய்விடும். அதற்கும் வழி தேடினார்கள். யானை வரும் பாதையில் தேனீப் பெட்டிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அவ்வளவு பெரிய யானை, தேனீக்குப் பயப்படும்! பயிரும் தப்பியது, தேனும் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகள்

காட்டிலாகாவுக்கும் பெண் குழந்தையின் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? கொரங்கோசாவில் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

மொசாம்பிக்கில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்குள் கல்யாணம் ஆகிவிடுகிறது. சிறு வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிள்ளைகள், வறுமை. அந்த வறுமை மறுபடியும் காட்டுக்குள்தான் கை வைக்கும். ஆகவே பூங்காவைச் சேர்ந்தவர்கள், சுற்றுக் கிராமப் பள்ளிகளில் பெண் குழந்தைகளுக்குச் சங்கங்கள் அமைத்தார்கள். பள்ளி விட்ட பிறகு படிக்கவும் விளையாடவும் அங்கே இடம் உண்டு. காட்டுக்கும் அழைத்துப் போய் யானையைக் காட்டுகிறார்கள். அதுவரை யானை என்றால் பயிரைத் தின்னும் எதிரி. அன்று முதல் தங்கள் ஊர் யானை!

2018 முதல், மொசாம்பிக் இளைஞர்கள் காட்டுக்குள்ளேயே தங்கி, வன உயிர்ப் பாதுகாப்பில் உயர் பட்டம் படிக்கவும் வழி செய்தார்கள். வெளிநாட்டான் பணம் என்றைக்கும் வராது. உள்ளூர்ப் பிள்ளையின் அறிவு ஊரிலேயே நிற்கும்.

புயலும் சமாதானமும்

2019 மார்ச்சில் 'இடாய்' என்ற கொடும் புயல் மொசாம்பிக்கைத் தாக்கியது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்போது கொரங்கோசா வனக் காவலர்கள், காவல் வேலையோடு கிராமம் கிராமமாக உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்தக் கை வேட்டையைத் தடுத்ததோ, அதே கை சோறும் கொடுத்தது. ஒரு காட்டுக்கு இதைவிடப் பெரிய வேலி எது?

அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி மற்றொரு சம்பவம். 1992க்குப் பிறகும் நாட்டில் விட்டு விட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜனாதிபதியும் எதிர்த்தரப்புத் தலைவரும் சந்தித்துச் சண்டையை நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எங்கே தெரியுமா? கொரங்கோசா பூங்காவில்! போர் எந்தக் காட்டை அழித்ததோ, அந்தக் காட்டிலேயே சமாதானம் பிறந்தது.

பாடம் ஒன்றுதான்

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சுருக்கு வைப்பவர்கள் அடியோடு மறையவில்லை. கிராமங்களில் வறுமை தீரவில்லை. தந்தம் இல்லாத யானைகள் பழைய பாவத்தைச் சுமந்துகொண்டு திரிகின்றன. அழிக்கப் பதினைந்து ஆண்டு போதும். ஆக்கத் தலைமுறைகள் வேண்டும்.

ஆனால் பாடம் தெளிவானது. எவ்வளவு பணம் கொட்டினாலும், எத்தனை காவலர் நின்றாலும், காட்டோரத்தில் இருப்பவன் பசித்திருந்தால் காடு நிலைக்காது. அவன் அடுப்பு எரியவேண்டும். அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும். காடு இருந்தால் தனக்கு வாழ்வு, காடு போனால் தனக்குத் தாழ்வு என்று அவன் கண்ணாரக் காணவேண்டும்.

அண்டை வீட்டானைப் பகைத்துக்கொண்டு எவனும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இது வீட்டுக்கும் பொருந்தும்; காட்டுக்கும் பொருந்தும்.