கழுவிய கரியும் கழுவாத கறையும்

கரியைக் கழுவுவதா? காக்கையைக் குளிப்பாட்டி வெள்ளையாக்கும் வேலையல்லவா அது என்று நகைப்போர் உண்டு. நகைக்கட்டும். நகைத்து முடித்தபின், நாம் சொல்வதைச் சற்றே கேட்கட்டும்.

நம் நாட்டு நிலக்கரி, கரி மட்டுமல்ல. கல்லும் களிமண்ணும் கலந்த கரி. எரித்தால் நூற்றுக்கு 30, 40 பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேற்றி, எண்ணூருக்குக் கொண்டுவருகிறோமே, அந்தக் கரியில் 40 பங்கு சாம்பல் இருக்குமானால் 100 டன்னுக்கு 40 டன் மண்ணுக்கும் சேர்த்தே கூலி கொடுக்கிறோம் என்று பொருள். ஒளி வருகிறது, உடன் சாம்பல் மேடும் வளர்கிறது. ஆகவேதான் சுரங்க வாயிலிலேயே கழுவுங்கள் என்கிறார்கள், துறையறிந்தோர்.

கழுவுவது எப்படி? அரிசி அரிக்கும் தாய்மாரைக் கேளுங்கள். நீரில் அலசினால் அரிசி மேலோடு வரும். கல் அடியில் தங்கும். பெருங்கரிக்கும் அதே வித்தைதான். ஆனால் அரை மில்லிமீட்டருக்கும் சிறுத்த கரித்தூள் இருக்கிறதே, அது இந்த வித்தைக்கு வசப்படாது. மாவிலிருந்து மணலை அரிக்க முடியுமா? அதற்கென்றே வந்தது நுரை மிதப்பு முறை. தூள் கலந்த நீரில் சிறிது எண்ணெய் விட்டு, காற்றை ஊதி நுரை எழுப்புகிறார்கள். கரித்துகள் எண்ணெயோடு உறவாடி, குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வருகிறது. களிமண் நீரோடு உறவாடிக் கீழே போகிறது.

பிரித்தாயிற்று, தொல்லை தீர்ந்ததா? இல்லை! தூளாகத் தூளாக நீரைப் பற்றும் பரப்பு பெருகும். மேலே வந்த கரி ஈரம். கீழே போனது சேறு. கரியைச் சுழல் பொறியிலும் வெற்றிட வடிகட்டியிலும் இட்டு ஈரம் போக்குகிறார்கள். கரி காசாகும், ஆகவே கவனம் கிடைக்கிறது. சேறு காசாகாது. அதையும் துணி போர்த்திய தகடுகளுக்கிடையே வைத்துப் பிழிய முடியும். செக்கில் பிண்ணாக்கும் எண்ணெயும் பிரிவதுபோல் கட்டி தனியே, நீர் தனியே வரும்; நீர் மீண்டும் ஆலைக்கே உதவும். ஆனால் பொறிக்குப் பணம் வேண்டுமே! குளம் கட்டிக் கொட்டிவிட்டால் செலவு குறைவு என்கிறார்கள்.

குறைவு யாருக்கு?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்றோர் ஓடை. 1972 பிப்ரவரி 26, மழைக்காலை. நிலக்கரிக் கழிவையே குவித்துக் கட்டிய அணை உடைந்தது. கறுப்பு வெள்ளம் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 125 பேர் மாண்டனர். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். நிறுவனத்தின் விளக்கம் என்ன தெரியுமா? கடவுளின் செயலாம்! கழிவைக் குவித்தது கம்பெனி. காசைச் சேர்த்தது கம்பெனி. கணக்குக் கேட்டால் மட்டும் கடவுள்! 10 கோடி டாலர் கேட்டு வழக்கிட்ட மாநில அரசு, 1977-இல் 10 இலட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று.

அது அங்கே, இங்கே? தாமோதர் ஆற்றங்கரையில் 1950-களிலிருந்து சலவை ஆலைகள் எழுந்தன. எஃகுக்குக் கரி கிடைத்தது. ஆற்றுக்குச் சேறு கிடைத்தது. அந்தக் கரிச்சேற்றை அள்ளி, உலர்த்தி, விற்று வயிறு கழுவும் ஏழைகளும் அங்கே உண்டு.

தொலைவிலுள்ள அனல்மின் நிலையங்களுக்குச் செல்லும் கரியில் சாம்பல் 34 விழுக்காட்டைத் தாண்டலாகாது என 1997-இல் விதி செய்து, 2001-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது டில்லி அரசு. 2020 மே மாதம் அதே அரசு அதைக் கைவிட்டது. காரணம்? கழுவினால் கழிவு ஒழியவில்லையாம். மின் நிலையத்தில் சேர்வது சுரங்கத்தருகே சேர்கிறதாம்.

இதில் உண்மை இல்லையென்று நாம் வாதாடவில்லை. ஆனால் உண்மையில் பாதியைச் சொல்லி, மீதியை மறைக்கலாமா? சேற்றைப் பிழியாமல் ஆற்றில் விட்டது ஆலையின் குறை. கழுவும் முறையின் குறையன்று. கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவார்களா, வீட்டையே இடிப்பார்களா?

கரியைக் கழுவுங்கள். கரியின் ஈரம் போக்கும் அக்கறையைச் சேற்றுக்கும் காட்டுங்கள். அந்தச் செலவை ஆலையின் கணக்கில் எழுதுங்கள்; ஆற்றங்கரை ஏழையின் கணக்கில் எழுதாதீர்கள்.

பிழியப்பட வேண்டியது சேறு, மக்கள் அல்லர்!